நிஷி-கசாய் ரயில் நிலையம்: புதிதாகக் குடிவருவோருக்கு முழுமையான வழிகாட்டி

டோக்கியோவின் ரயில் வரைபடத்தை முதன்முதலாக விரித்துப் பார்க்கும் எவருக்கும் வயிறு கலங்கும். சிக்குப் பிடித்த நூற்கண்டு போல வண்ண வண்ணக் கோடுகள், அவற்றின்மேல் நூற்றுக்கணக்கான பெயர்கள். இதையெல்லாம் கற்றுத் தேர்ந்த பிறகுதான் வீட்டைவிட்டு வெளியே இறங்க வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். தேவையில்லை. உங்கள் வீட்டருகே இருக்கும் ஒரே ஒரு நிலையத்தைத் தலைகீழ்ப் பாடமாகத் தெரிந்துகொள்ளுங்கள். மற்றவை ஒவ்வொன்றாகத் தாமே வந்து சேரும்.

இந்தியாவிலிருந்து டோக்கியோவுக்கு வேலைக்கு வருபவர்களில் நிறையப் பேருக்கு அந்த ஒரு நிலையம் நிஷி-கசாய். 2000ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைத் தீர்க்க இந்தியப் பொறியாளர்கள் டோக்கியோவுக்கு வரத் தொடங்கிய காலத்தில், அலுவலகங்கள் நிறைந்த ஓதெமாச்சி, கயாபாச்சோ பகுதிகளுக்கு ஒரே ரயிலில் போய்வர வசதியாக இருந்த குடியிருப்புப் பகுதி இது. நிலையத்தின் அருகிலேயே யூஆர் எனப்படும் அரசு சார்ந்த வாடகைக் குடியிருப்பும் இருந்தது. அங்கே வீடெடுக்க ஜாமீன்தாரர் வேண்டாம், வீட்டுக்காரருக்கு அன்பளிப்புப் பணம் கொடுக்க வேண்டாம். புதிதாக ஒரு நாட்டில் இறங்கியவருக்கு இந்த இரண்டும் எவ்வளவு பெரிய நிம்மதி என்பது வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். இன்று டோக்கியோவிலேயே இந்தியர்கள் அதிகம் வாழும் வட்டாரம் எதொகாவா. அங்கே வாழும் இந்தியர்களின் மையமாக இந்த நிலையம் நிற்கிறது.

முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போய்ப் பாருங்கள்

திங்கட்கிழமை காலை வேலைக்குச் சேர வேண்டும் என்றால், அதற்கு முந்தைய நாள் மதியம் கைவீசி நடந்து நிலையத்துக்குப் போங்கள். எங்கும் பயணம் செய்வதற்காக அல்ல, பார்ப்பதற்காக. கூட்டமில்லாத நேரத்தில் அரைமணி நேரம் செலவழித்துப் பார்த்தவர், மறுநாள் கூட்டத்தில் நிதானமாக நடப்பார்.

நிலையம் உயர்த்தப்பட்ட பாதையில் இருக்கிறது. ரயில்கள் மேலே ஓட, நுழைவாயில்களும் கடைகளும் கீழே இருக்கின்றன. டோக்கியோ மெட்ரோ என்றாலே நிலத்தடி என்று நினைத்து வருபவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். இந்த நிலையம் இருக்கும் தோசாய் பாதை நகரின் நடுவே சுரங்கத்தில் ஓடிவிட்டு, மினாமி-சுனாமாச்சியைத் தாண்டியதும் வெளிச்சத்துக்கு வந்து, அராகாவா ஆற்றைப் பாலத்தில் கடந்து இங்கே வருகிறது. பாதை இந்தப் பக்கம் நீண்டது 1969 மார்ச்சில். அப்போது நிஷி-கசாய் நிலையம் இல்லை. ஆற்றைக் கடந்ததும் கசாய்தான். தெற்கே கடலைத் தூர்த்து நிலமாக்கினார்கள், மக்கள் குடியேறினார்கள், 1979 அக்டோபர் 1 அன்று இந்த நிலையம் திறக்கப்பட்டது.

நுழைவாயிலில் நின்று மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, நிலையத்தின் எண்: வான்நீல வளையத்துக்குள் ‘டி’ (T) என்ற எழுத்தும் 16 என்ற எண்ணும். ஜப்பானிய எழுத்து ஒன்றுகூடத் தெரியாவிட்டாலும் இந்த எண் உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். நகானோவில் 1 தொடங்கி நிஷி-ஃபுனாபாஷியில் 23 முடிய எண்கள் வரிசையாக ஏறுகின்றன. நகரிலிருந்து திரும்பும்போது எண் கூடினால் வீட்டுப் பக்கம் போகிறீர்கள். இரண்டு, வடக்கு வாயில், தெற்கு வாயில் என்ற பிரிவு. உங்கள் வீடு எந்தப் பக்கம் என்று தெரியாமல் வெளியேறினால் ரயில் பாலத்தைச் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். மூன்று, பணியாளர் இருக்கும் வாயில். தானியங்கி வாயில்களின் ஓரத்தில் கண்ணாடிச் சன்னலோடு ஓர் அறை இருக்கும். அட்டை வேலை செய்யாவிட்டால், வழி தெரியாவிட்டால், பொருள் தொலைந்தால், எல்லாவற்றுக்கும் அந்தச் சன்னல்தான்.

பெயரில் ஓர் எச்சரிக்கை. ‘நிஷி’ என்றால் மேற்கு. நிஷி-கசாய் வேறு, அடுத்த நிலையமான கசாய் வேறு, கடற்கரைப் பக்கம், மெட்ரோ அல்லாத ஜேஆர் என்ற வேறு நிறுவனத்தின் ரயிலில் வரும் கசாய்-ரின்காய்-கோயென் வேறு, பாதையின் கடைசியில் இருக்கும் நிஷி-ஃபுனாபாஷி வேறு. வீட்டுக்கு வரும் நண்பரிடம் பெயரோடு எண்ணையும் சொல்லுங்கள்.

அட்டை

டிக்கெட் வாங்கிப் பயணம் செய்யலாம். ஆனால் தினமும் போகிறவர்கள் யாரும் அப்படிச் செய்வதில்லை. பாஸ்மோ என்ற அட்டையை நிலையத்தின் டிக்கெட் இயந்திரத்திலேயே வாங்கலாம். இதில் 500 யென் முன்பணம். அட்டையைத் திருப்பித் தரும்போது கிடைத்துவிடும். சுய்கா என்ற இன்னோர் அட்டையும் உண்டு. அது ஜேஆர் நிறுவனத்தினுடையது, 2001இல் வந்தது. பாஸ்மோ 2007இல் வந்தது. இரண்டும் இரண்டு இடத்திலும் செல்லும் என்பதால் பயணத்துக்கு எது இருந்தாலும் சரி. ஆனால் உங்கள் அலுவலகப் பயணம் முழுவதும் மெட்ரோவில்தான் என்றால் பாஸ்மோவே வாங்குங்கள். மெட்ரோ மட்டுமே அடங்கிய சீசன் டிக்கெட்டை சுய்கா அட்டையில் ஏற்ற முடியாது.

பெயர் பதிந்த அட்டையாகவே வாங்குங்கள். தொலைந்தால் அதை முடக்கி, மீதிப் பணத்தோடு புதிய அட்டை பெறலாம். பெயர் இல்லாத அட்டை தொலைந்தால் அவ்வளவுதான். இயந்திரத்தில் ஆங்கிலத் திரை உண்டு. அட்டையில் பணம் ஏற்றுவதற்குப் பெரும்பாலும் ரொக்கம்தான் கேட்கும். ஆகவே பையில் ஓர் ஆயிரம் யென் தாள் எப்போதும் இருக்கட்டும். 20,000 யென் வரை ஏற்றி வைக்கலாம். கைபேசியிலேயே வைத்துக்கொள்ளும் மொபைல் பாஸ்மோவும் உண்டு. அதற்கு முன்பணம் கிடையாது, பணம் ஏற்ற இயந்திரத்தைத் தேடவும் வேண்டாம்.

வாயிலில் அட்டையைத் தேய்க்க வேண்டாம், ஆட்ட வேண்டாம். ஒளிரும் பரப்பில் ஒரு கணம் தொட்டு வைத்துவிட்டு நடந்துகொண்டே இருங்கள். வாயிலின் கதவு மூடினால் பதறாமல் ஒரு அடி பின்வாங்கி, பின்னால் வருபவருக்கு வழிவிட்டு, பணியாளர் சன்னலுக்குப் போங்கள். மீதித் தொகை போதாமல் மூடியிருந்தால், உள்ளேயே இருக்கும் ‘சேய்சான்’ இயந்திரத்தில் பணம் போட்டுவிட்டு வெளியே வரலாம். யாரும் அபராதம் கேட்க மாட்டார்கள்.

சீசன் டிக்கெட்: அவசரப்படாமல் யோசித்து வாங்க வேண்டியது

ஜப்பானிய மொழியில் ‘தெய்கி’. ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று கிடைக்கும்; நீளம் கூடக் கூட மாதக் கணக்கில் மலிவு. ஜப்பானில் பெரும்பாலான நிறுவனங்கள் இந்தத் தொகையைக் கொடுத்துவிடுகின்றன. மாதம் 150,000 யென் வரை அதற்கு வரியும் இல்லை. வேலைக்குச் சேர்ந்ததும் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: எந்த வழியை நிறுவனம் ஏற்றுக்கொள்கிறது, எத்தனை மாதத்துக்கு வாங்கச் சொல்கிறது, ரசீது வேண்டுமா? ரசீதை வாங்கும்போதே இயந்திரத்தில் கேட்டு எடுத்துவிடுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒரு பயன் இதில் இருக்கிறது. தெய்கி என்பது இரண்டு நிலையங்களுக்கு மட்டும் உரியது அல்ல. இடையில் இருக்கும் எல்லா நிலையங்களிலும், எந்த நாளிலும், எத்தனை முறையும் ஏறி இறங்கலாம். நிஷி-கசாய் முதல் ஓதெமாச்சி வரை வாங்கியிருந்தால், வழியில் உள்ள தோயோச்சோவும் மொன்சென்-நகாச்சோவும் நிஹோன்பாஷியும் உங்களுடையவை. தோயோச்சோவில் இறங்கினால் நடக்கும் தூரத்தில் ஓட்டுநர் உரிமத் தேர்வு மையம். இந்திய உரிமத்தை மாற்றிக்கொள்ள விரும்புபவர் போக வேண்டிய இடங்களில் அது ஒன்று. மொன்சென்-நகாச்சோவில் இறங்கினால் ஃபுகாகாவா ஃபுதோ கோயில். மந்திரம் ஓத, முரசு அதிர, தீ வளர்த்துச் செய்யும் வழிபாட்டைப் பார்த்தால் நம் ஊர் ஹோமம் நினைவுக்கு வராமல் போகாது. ஓதெமாச்சியில் இறங்கினால் அரண்மனையின் கிழக்குத் தோட்டம், கட்டணமில்லாமல். குழந்தைகளை எங்கே அழைத்துப் போவது என்று யோசிக்கும் சனிக்கிழமைகளில் இந்தச் சீசன் டிக்கெட்டை எடுத்துப் பாருங்கள்.

தெய்கி இல்லாமல் போனால், நிஷி-கசாயிலிருந்து ஓதெமாச்சிக்கு அட்டையில் 209 யென், காகித டிக்கெட்டில் 210. ஒன்பது கிலோமீட்டர், கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அலுவலகம் போகிறவர், தெய்கியின் விலையை இந்தக் கட்டணத்தோடு ஒப்பிட்டு ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்வோர் பலருக்கு அது கட்டுப்படியாகாது.

எந்த ரயில் நிற்கும், எந்த ரயில் நிற்காது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

தோசாய் பாதையில் எல்லா நிலையங்களிலும் நிற்கும் ரயில் ‘காக்குஎகி தெய்ஷா’. ஆங்கிலத் திரையில் ‘லோக்கல்’ என்று வரும். விரைவு ரயில் ‘கைசோகு’; திரையில் ‘ரேப்பிட்’. வார நாள் காலையில் நகரை நோக்கி மட்டும் ஓடும் ‘த்சூகின் கைசோகு’ என்று இன்னொன்றும் உண்டு. நிஷி-கசாயில் லோக்கல் மட்டும்தான் நிற்கும். மற்ற இரண்டும் தோயோச்சோவுக்கும் உராயாசுவுக்கும் இடையில் எங்கும் நிற்பதில்லை. மினாமி-சுனாமாச்சி, நிஷி-கசாய், கசாய் மூன்றையும் ஒரே மூச்சில் தாண்டிவிடும்.

காலையில் இதனால் தொல்லை இல்லை. நிற்காத ரயிலில் நீங்கள் ஏறவே முடியாது. மாலையில்தான் சிக்கல். ஓதெமாச்சியில் வரும் ரயில் லோக்கலா ரேப்பிட்டா என்று பார்க்காமல் ஏறினால், நகானோ முதல் தோயோச்சோ வரை அது லோக்கலைப் போலவே ஒவ்வொரு நிலையத்திலும் நின்று நின்றுதான் வரும்; வித்தியாசம் தெரியாது. தோயோச்சோவை விட்டதும் வேகமெடுக்கும். இங்கே குடிவந்த முதல் வாரம், பாலத்தைக் கடந்த ரயிலின் சன்னல் வழியாக என் நிலையத்தின் விளக்குகள் வரிசையாகப் பின்னால் ஓடியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இறங்கியபோது உராயாசு. அது டோக்கியோவே இல்லை, பக்கத்து மாநிலமான சிபா.

அப்படி நடந்துவிட்டால் செய்ய வேண்டியது எளிது. உராயாசுவில் இறங்கி, வாயிலைத் தாண்டி வெளியே போகாமல், படியிறங்கி எதிர் நடைமேடைக்கு ஏறி, நகரை நோக்கிப் போகும் லோக்கலில் இரண்டு நிலையம் திரும்பி வாருங்கள். முதலாவது கசாய், இரண்டாவது உங்கள் நிலையம். ரயில் தோயோச்சோவில் நிற்கும்போதே தவறைக் கண்டுபிடித்துவிட்டால் அங்கேயே இறங்கி அடுத்த லோக்கலுக்குக் காத்திருங்கள். அறிவிப்பில் தோயோச்சோவுக்குப் பிறகு அடுத்த நிலையம் உராயாசு என்று சொன்னால் அதுதான் அடையாளம்.

ரயிலின் நெற்றியில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரும் குழப்பும். நிஷி-ஃபுனாபாஷி, தோயோ-கத்சுதாதாய், த்சுதானுமா, மியோதென் எதுவானாலும் லோக்கலாக இருந்தால் உங்கள் நிலையம் வரும். தோயோச்சோ என்று போட்டிருந்தால் மட்டும் ஏறாதீர்கள். அது ஆற்றைக் கடக்காமல் அங்கேயே முடிந்துவிடும். எதிர்த் திசையில் நகானோ, மிதாகா இரண்டும் நகரத்துக்குப் போகிறவைதான். மிதாகா என்பது நகானோவுக்கு அப்பால் ஜேஆர் பாதையில் தொடரும் ரயில். நகானோவைத் தாண்டினால் ஜேஆர் கட்டணமும் சேரும்.

காலை எட்டு மணி

ஜப்பானின் நெரிசல் மிகுந்த ரயில் பகுதிகளைச் சொல்லும்போதெல்லாம் தோசாய் பாதையின் கிபா முதல் மொன்சென்-நகாச்சோ வரையிலான பகுதி பட்டியலில் மேலே வரும். 2019ஆம் நிதியாண்டுக் கணக்கில் காலை நெரிசல் நேரத்தில் அங்கே 199 சதவீதம். ஜப்பானிய ரயில்துறை வகுத்த அளவில் 100 சதவீதம் என்றால் உட்காரவோ, வளையத்தைப் பிடித்து நிற்கவோ எல்லோருக்கும் இடமுண்டு. 180இல் செய்தித்தாளை மடித்துப் படிக்கலாம். 200இல் உடலோடு உடல் அழுந்தும். பெருந்தொற்றுக்குப் பின் அந்த உச்சம் குறைந்திருக்கிறது; ஆனாலும் காலை எட்டு மணிக்குக் கை அசைக்க இடமிருக்கும் என்று எதிர்பார்த்து வராதீர்கள்.

முடிந்தால் ஏழரைக்கு முன் ஏறுங்கள், அல்லது ஒன்பதைத் தாண்டி ஏறுங்கள். அலுவலகத்தில் நேரத்தை மாற்றிக்கொள்ள அனுமதி கேட்பதில் தயக்கமே வேண்டாம். இந்தப் பாதையில் நெரிசல் நேரத்தைத் தவிர்ப்பவர்களுக்குப் பரிசுப் புள்ளிகள் கொடுக்கும் திட்டத்தை மெட்ரோவே நடத்தி வந்திருக்கிறது. அது முடியாதவர்களுக்குச் சில நடைமுறைகள்.

தரையில் வரைந்திருக்கும் கோடுகளில் வரிசையாக நில்லுங்கள். பத்துப் பெட்டிகள், ஏறத்தாழ இருநூறு மீட்டர் நீளம். படிக்கட்டின் அருகே எப்போதும் கூட்டம், சற்றுத் தள்ளிப் போனால் குறையும். ஆனால் கூட்டத்தை மட்டும் பார்க்காமல், இறங்கும் நிலையத்தில் உங்கள் படிக்கட்டு எந்தப் பெட்டிக்கு நேராக இருக்கிறது என்பதையும் பாருங்கள். நடைமேடையில் அதற்கான பட்டியலை ஒட்டி வைத்திருக்கிறார்கள். சரியான பெட்டியைத் தெரிந்துகொண்டால் ஓதெமாச்சியில் பல நிமிட நடை மிச்சமாகும்.

சில ரயில்களின் கதவுகள் வழக்கத்தைவிட அகலமாக இருப்பதைக் கவனிப்பீர்கள். ஏறி இறங்கும் நேரத்தைக் குறைப்பதற்காக 1.8 மீட்டர் அகலக் கதவுகளோடு ஓடவிட்ட பெட்டிகள் அவை. வழக்கமான கதவு 1.3 மீட்டர். கதவுக்கு இடம் கொடுத்ததால் இருக்கைகள் குறைவு. நிஷி-கசாயில் காலை நேரத்தில் இருக்கை கிடைப்பது அரிது என்பதால் அதைப் பற்றி வருந்திப் பயனில்லை. உட்கார வேண்டும் என்பதற்காகச் சிலர் எதிர்த் திசையில் நிஷி-ஃபுனாபாஷி வரை போய் அதே ரயிலில் திரும்பி வருகிறார்கள். கூடுதல் கட்டணம் கொடுக்காமல் அப்படிச் செய்வது விதிமீறல். செய்யாதீர்கள்.

முதுகுப்பையைக் கழற்றி முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். கைபேசியை ஒலியில்லாமல் வைத்து, பேச்சைத் தவிர்த்துவிடுங்கள். கதவோரம் நிற்க நேர்ந்தால், ஒவ்வொரு நிலையத்திலும் வெளியே இறங்கி ஒதுங்கி நின்று, இறங்குபவர்கள் இறங்கியபின் முதல் ஆளாக மீண்டும் ஏறுங்கள். யாரும் உங்கள் இடத்தைப் பறிப்பதாக நினைக்க மாட்டார்கள். அதுதான் எதிர்பார்க்கப்படும் மரியாதை. உள்ளே மாட்டிக்கொண்டால் ‘சுமிமாசென், ஒரிமாசு’ என்று சொல்லுங்கள். ‘மன்னியுங்கள், இறங்குகிறேன்’ என்று பொருள். மெல்லச் சொன்னாலே போதும், அசைய இடமில்லாத கூட்டமும் வழிவிடும்.

வார நாள் காலையில் நகரை நோக்கிப் போகும் ரயில்களில் ஒரு பெட்டி பெண்களுக்கு. எந்த இடத்தில் நிற்கும் என்பது நடைமேடைத் தரையிலேயே எழுதியிருக்கும். தொடக்கப்பள்ளிச் சிறுவர்களும், மாற்றுத்திறனாளிகளும், அவர்களுக்குத் துணை வருபவர்களும் ஆணாக இருந்தாலும் அதில் ஏறலாம்.

மாறிச் செல்லுதல்

கயாபாச்சோவில் ஹிபியா பாதை. நிஹோன்பாஷியில் கின்சா பாதை, தோஎய் அசாகுசா பாதை. ஓதெமாச்சியில் மருநோஉச்சி, சியோதா, ஹன்சோமொன், தோஎய் மிதா. இதில் ‘தோஎய்’ என்று வருபவை மாநகர அரசு நடத்தும் வேறொரு நிறுவனம். அதில் மாறினால் தனிக் கட்டணம் சேரும், இரண்டையும் சேர்த்துப் போவதற்காக 70 யென் தள்ளுபடி உண்டு. மெட்ரோவிலிருந்து மெட்ரோவுக்கு மாறும்போது சில இடங்களில் வாயிலைத் தாண்டி வெளியே வந்து மறுபடி உள்ளே போக வேண்டும். 60 நிமிடத்துக்குள் போனால் தொடர்ந்த பயணமாகவே கணக்கு. காகித டிக்கெட் வைத்திருப்பவர் ஆரஞ்சு நிற வாயிலில்தான் வர வேண்டும், இல்லாவிட்டால் டிக்கெட்டை வாயில் விழுங்கிவிடும்.

விமான நிலையம் போக நிஹோன்பாஷியை நினைவில் வையுங்கள். அங்கிருந்து அசாகுசா பாதையில் ஹனேதாவுக்கும் நரிதாவுக்கும் நேரடி ரயில்கள் இருக்கின்றன. பெரிய பெட்டிகளோடு காலை எட்டு மணிக்குப் போகாதீர்கள்.

ரயில் நின்றுவிட்டால்

நிற்கும். பலத்த காற்று, நிலநடுக்கம், தண்டவாளத்தில் மனிதர் அடிபடுதல் என்று காரணங்கள் உண்டு. காற்றை இந்தப் பாதையில் மிகக் கவனமாக எடுத்துக்கொள்கிறார்கள். 1978 பிப்ரவரி 28 இரவு, அராகாவாவைக் கடந்துகொண்டிருந்த ரயிலின் பெட்டிகள் சூறைக்காற்றில் பாலத்தின் மேலேயே கவிழ்ந்தன, பலர் காயமடைந்தார்கள். புயல் நாளில் ரயில் மெதுவாகப் போனாலோ ஆற்றுக்கு முன்னால் நின்றாலோ எரிச்சல் கொள்ளாதீர்கள்.

தாமதமானால் ‘சிஎன் ஷோமெய்ஷோ’ என்ற தாமதச் சான்று கிடைக்கும். வாயிலருகே சிறு தாளாகக் கொடுப்பார்கள், இணையதளத்திலும் எடுக்கலாம். அலுவலகத்திலும் பள்ளியிலும் அதை ஏற்றுக்கொள்வார்கள்.

நீண்ட நேரம் நின்றுபோனால் ‘ஃபுரிகாஎ யுசோ’ அறிவிப்பார்கள். வேறு நிறுவனத்தின் பாதையில் கூடுதல் கட்டணமில்லாமல் போகும் ஏற்பாடு இது. ஆனால் தெய்கியோ காகித டிக்கெட்டோ வைத்திருப்பவர்களுக்குத்தான் இது பொருந்தும். அட்டையின் மீதித் தொகையில் பயணம் செய்பவர் போன வழிக்கெல்லாம் பணம் கொடுக்க வேண்டியதுதான். தெய்கி வாங்குவதா வேண்டாமா என்று கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாற்று வழியை அமைதியான ஒரு நாளில் ஒருமுறை போய்ப் பழகிவிடுங்கள். நிலையத்தின் முன்னாலிருந்து ஃபுனாபோரி வழியாக ஷின்-கொய்வாவுக்குத் தோஎய் பஸ் போகிறது. ஃபுனாபோரியில் தோஎய் ஷின்ஜுகு பாதை, ஷின்-கொய்வாவில் ஜேஆர் சோபு பாதை. பஸ்ஸில் முன் கதவால் ஏறி, ஏறும்போதே அட்டையைத் தொட வேண்டும். தூரம் எவ்வளவானாலும் ஒரே கட்டணம்.

பெரிய நிலநடுக்கம் வந்தால் கதை வேறு. 2011 மார்ச் 11 அன்று டோக்கியோவின் ரயில்கள் எல்லாம் நின்று, லட்சக்கணக்கானோர் இரவு முழுவதும் நடந்தே வீடு போனார்கள். அதற்குப் பிறகு 2013இல் நடைமுறைக்கு வந்த மாநகரச் சட்டம், ஊழியர்களை உடனே அனுப்பாமல் அலுவலகத்திலேயே தங்கவைக்கும்படி நிறுவனங்களைக் கேட்கிறது. மூன்று நாளுக்கான தண்ணீரும் உணவும் வைத்திருக்கச் சொல்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அலுவலகமும் இந்தப் பக்கம் குடும்பமும் இருக்கும் நமக்கு இது கடினம்தான். பாலங்களைக் கடந்து நடந்துவிடலாம் என்று கிளம்பாமல், யார் எங்கே காத்திருப்பது, குழந்தையைப் பள்ளியிலிருந்து யார் அழைத்து வருவது என்பதை இன்றைக்கே வீட்டில் பேசி முடிவுசெய்யுங்கள்.

குழந்தைகளும் ஊரிலிருந்து வரும் பெற்றோரும்

பள்ளிக்குப் போகாத ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கட்டணம் செலுத்தும் ஒருவரோடு இரண்டு பேர் வரை இலவசம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அரைக் கட்டணம். அவர்களுக்கான பாஸ்மோவை வாங்க வயதுச் சான்று காட்ட வேண்டும். தள்ளுவண்டியை மடிக்காமலே ரயிலில் ஏற்றலாம். சக்கரத்தின் தடுப்பைப் போட மறக்காதீர்கள். சக்கர நாற்காலியில் வருபவர் பணியாளர் சன்னலில் சொன்னால் போதும். சாய்பலகையோடு வந்து ஏற்றிவிட்டு, இறங்கும் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, அங்கேயும் ஒருவரைக் காத்திருக்க வைப்பார்கள். நடைமேடையில் மஞ்சள் நிறத்தில் மேடுபள்ளமாக ஓடும் கட்டங்களின் மேல் வண்டியையோ பெட்டியையோ நிறுத்தாதீர்கள். பார்வையற்றோருக்கு அதுதான் வழி. 1967இல் ஜப்பானின் ஒகாயாமா நகரில் முதன்முதலாகப் பதித்தது இன்று உலகமெங்கும் பரவியிருக்கிறது.

ஊரிலிருந்து அப்பா அம்மா மூன்று மாதம் வந்து தங்குவார்கள். பகலெல்லாம் வீட்டில் அடைந்து கிடக்க வேண்டியதில்லை. ஆளுக்கு ஓர் அட்டை வாங்கிக் கொடுத்து, வான்நீல வளையத்தையும் 16 என்ற எண்ணையும் ஒரு தாளில் வரைந்து பையில் வைத்துவிடுங்கள். முதல் பயணமாக ஒரே ஒரு நிலையம், கசாய் வரை அனுப்பலாம். அங்கே ரயில் பாலத்தின் அடியிலேயே மெட்ரோ அருங்காட்சியகம் இருக்கிறது; 1927இல் ஓடிய ஜப்பானின் முதல் சுரங்க ரயில் பெட்டி அங்கே மஞ்சள் நிறத்தில் நிற்கிறது. திங்கட்கிழமை விடுமுறை. பேரக்குழந்தைகளோடு போனால் திரும்பி வர மனமே இருக்காது. நடந்து போகிறவர்களுக்கு, நிஷி-கசாயின் வடக்கே கியோசென் பூங்கா. சிறிய மிருகக்காட்சிச் சாலையும் ஜப்பானியத் தோட்டமும் உண்டு, இரண்டுக்கும் கட்டணமில்லை.

தொலைந்த பொருள், கடைசி ரயில்

தவறவிட்ட பொருள் பெரும்பாலும் கிடைத்துவிடும். ‘வசுரெமோனோ’ என்று சன்னலில் சொல்லி, ஏறிய நேரம், இறங்கிய நிலையம், பெட்டியின் எண் மூன்றையும் கொடுங்கள். சில நாளில் பொருள்கள் ஈதாபாஷி நிலையத்தில் இருக்கும் மெட்ரோவின் மைய அலுவலகத்துக்கும், பிறகு காவல்துறையின் மையத்துக்கும் போய்விடும் என்பதால் அன்றைக்கே கேட்பது நல்லது.

கடைசி ரயில் ‘ஷூதென்’. நள்ளிரவை ஒட்டி வரும். வார நாளுக்கும் சனி ஞாயிறு விடுமுறைக்கும் கால அட்டவணை வேறு வேறு. அந்த நேரத்து ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் தூக்கம் வரும்; கண் விழிக்கும்போது நிஷி-ஃபுனாபாஷியாக இருந்தால் திரும்பி வர ரயில் இருக்காது, டாக்சிதான். நின்றுகொண்டே வாருங்கள்.

இங்கிருந்து கிளம்பும்போது

ஊருக்குத் திரும்புகிறீர்கள், அல்லது வேறு பகுதிக்கு வீடு மாறுகிறீர்கள். தெய்கியில் மீதி மாதங்கள் இருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் கணக்கு முழு மாதங்களில்தான். பயன்படுத்திய மாதங்களுக்கான விலையையும் 220 யென் கட்டணத்தையும் கழித்துக்கொள்வார்கள். ஆறு மாதத் தெய்கியில் மூன்றாவது மாதம் முடிந்து ஒரு நாள் தாண்டிப் போனாலும் நான்கு மாதம் பயன்படுத்தியதாகவே ஆகும். தொடக்கத் தேதியை அட்டையின் முகத்தில் பார்த்து, மாதம் முடிவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். நிறுவனம் கொடுத்த பணம் என்றால், திரும்பி வந்த தொகையை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

பெட்டிகளைக் கட்டி அனுப்பியபின், கடைசி நாள் காலை கூட்டம் ஓய்ந்த நேரத்தில் அட்டைகளை எடுத்துக்கொண்டு அந்தக் கண்ணாடிச் சன்னலுக்குப் போங்கள். அடையாள அட்டையும் கொண்டு போங்கள். மீதித் தொகையையும் முதல் ஞாயிற்றுக்கிழமை கொடுத்த 500 யென் முன்பணத்தையும் எண்ணிக் கையில் தருவார்கள். விமான நிலையம் வரை போக வேண்டியவர்கள், அதற்கு முன்பே நிஹோன்பாஷி வழியாகக் காகித டிக்கெட் எடுக்கச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். அட்டையைக் கொடுத்தபின் வாயில் திறக்காது.